பெயர், அட், ஒன் டூ த்ரீ

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, மெயில் திறக்கவில்லை என்று போனை என் கையில் கொடுத்தார்.

"பாஸ்வேர்டு என்ன மாமா?"

"உங்க அத்தை பேரு, அட், ஒன் டூ த்ரீ. மொத எழுத்து கேப்பிட்டல். எல்லாம் ஸ்ட்ராங்காத்தான் வச்சிருக்கேன் மாப்ளே."

கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை விடுங்கள், என்னை யோசிக்க வைத்தது அந்த 'ஸ்ட்ராங்'தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி, எண் நான்கும் அதில் இருக்கின்றன. தளமும் பச்சைக் கோடு காட்டித்தான் ஏற்றிருக்கும். ஆனால் சொந்தக்காரர்களின் போனைச் சரிசெய்து கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், பெயர் மட்டும்தான் மாறும். 'அட் 123' எல்லா வீட்டிலும் உண்டு.

பாஸ்வேர்டை உடைப்பவன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொள்கிறோம். அவன் கையில் இருப்பது பட்டியல். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றை மறைத்துக்கூட வைக்காமல் அப்படியே சேமித்திருந்தார்கள். அதில் முதலிடம் 123456, ஏறக்குறைய 2.9 லட்சம் கணக்குகளில் அதுதான். அந்தப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உடைக்கும் மென்பொருள் அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, 'ஏ' வரும் இடத்தில் @, 'ஓ' வரும் இடத்தில் பூஜ்யம், கடைசியில் 123 அல்லது பிறந்த ஆண்டு என்று தானே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். நாம் சாமர்த்தியம் என்று நினைப்பதெல்லாம் அதற்கு மனப்பாடம்.

பெயரும் பிறந்த ஆண்டும் சேர்க்கும் பழக்கத்துக்கு இ-ஆதாரும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கோப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் போட வேண்டும். அது ஒரு கோப்புக்கான பூட்டு, அவ்வளவுதான். அதே பாணியை மெயிலுக்கும் வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு தவறு மேலிடத்திலிருந்து வந்தது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும். எல்லோரும் மாற்றினோம்: கடைசியில் இருந்த 1 என்பது 2 ஆயிற்று, 2 என்பது 3 ஆயிற்று. குறி, எண், அடிக்கடி மாற்றம் என்ற இந்த விதிகளைப் பரப்பியதில் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2004இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தான் சொன்னதில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, திருட்டுப் போனதற்கான அறிகுறி இருந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. பல அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, எப்படித்தான் வைப்பது? சின்ன எழுத்துகள் எட்டு என்றால் மொத்தம் 20,882 கோடி சேர்க்கைகள். பெரிதாகத் தோன்றும். ஆனால் தளம் பாஸ்வேர்டைப் பலவீனமான முறையில் சேமித்து, அது திருடும் போயிருந்தால், ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் சேர்க்கைகளைத் தாராளமாகப் போட்டுப் பார்க்கும். ஆயிரம் கோடி என்றே வைத்தாலும் அரை நிமிடத்தில் கதை முடிந்தது.

1995இல் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்பவர் டைஸ்வேர் என்றொரு முறையைச் சொன்னார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண் வரும். அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் சொல் உங்களுடையது. இப்படி நான்கு சொல் எடுத்தால், மேலே சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று தீர்க்க நான்கு நாள் சொச்சம். ஐந்து சொல் என்றால் 90 ஆண்டுகள். ஒரே ஒரு சொல்தான் கூடுதல்!

ஞாபகம் வைப்பது எளிது. முறம், ஒட்டகம், தபால், சுண்ணாம்பு, ஏணி என்று வந்தால், முறத்தைத் தலையில் கவிழ்த்த ஒட்டகம் தபாலோடு சுண்ணாம்பு அடித்த ஏணியில் ஏறுகிறது. மறக்குமா? (இதையே வைத்துவிடாதீர்கள். எழுதியாகிவிட்டது.)

நம் ஆட்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, பகடைக்குப் பதில் திருக்குறளையோ சினிமாப் பாட்டையோ எடுப்பது. நமக்குப் பிடித்த வரி ஊருக்கே பிடித்த வரி. இரண்டாவது, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டும்போது வரும் குழப்பம். வாழைப்பழத்தின் ழகரத்துக்கு 'எல்' போட்டோமா, 'இசட் எச்' போட்டோமா? தகரத்துக்கு 'எச்' உண்டா? மூன்று மாதம் கழித்துச் சொல் நினைவிருக்கும், எழுத்துக்கூட்டு இருக்காது. ழ, நெடில், த வராத சொற்களாகவே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு அதிலிருந்து உருட்டுங்கள். பட்டியல் சின்னதாக இருந்தால் ஒன்றிரண்டு சொல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனை செய்து அதே பாஸ்வேர்டைப் பத்துத் தளத்துக்கும் வைத்தால் வீண். எங்கோ ஒரு சின்னக் கடையின் தளத்திலிருந்து கசிந்தால், அதை உங்கள் மெயிலில் போட்டுப் பார்ப்பதுதான் திருடியவன் செய்யும் முதல் வேலை. மெயில் போனால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டியே மற்றதெல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எனவே மெயிலுக்கு ஒன்று, பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜருக்கு (எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்துக்கொள்ளும் மென்பொருள்) ஒன்று. இந்த இரண்டை மட்டும் மனதில் வையுங்கள், மீதியை மேனேஜர் பார்த்துக்கொள்ளும்.

மாமாவுக்கு லூடோ டப்பாவிலிருந்து பகடையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது சொல் வந்ததும், "இது நல்லா இல்ல, திருப்பிப் போடுறேன்" என்றார். கூடாது என்றேன். பிடித்தது வரும்வரை உருட்டினால் அது மறுபடி அவர் யோசித்த பாஸ்வேர்டு ஆகிவிடும். ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் செருகினார். தினமும் ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப நுழையச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் போன் வந்தது. "மாப்ளே, சீட்டே பாக்கல, வரிசையாச் சொல்றேன் கேளு" என்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார்.