காலாங் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கக் கிளம்புமுன்

சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் கீழே வடிகாலில் விழும் நெகிழிப்பை மழையோடு காலாங் ஆற்றுக்குப் போகிறது. அங்கிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்கு. அது நாம் குடிக்கும் தண்ணீர். தண்ணீரில் இறங்கிவிட்ட குப்பையைப் பிடிப்பது கடினம். அதனால் மழைக்கு முன்பே கரையையும் வடிகால் வாய்களையும் சுத்தம் செய்யுங்கள்.

காலை 7.30க்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். மூன்று பேர் ஒரு குழு: இருவர் இடுக்கியோடு, ஒருவர் பையோடும் குறிப்பேட்டோடும். ஈரக் குப்பை கனக்கும், பை கிழியும். பாதி நிறைந்ததுமே கட்டிவிடுங்கள். கண்ணாடித் துண்டு, ஊசி போன்றவற்றைப் பையில் போடாமல் மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரலாம். காலிலோ கையிலோ ஆறாத புண் உள்ளவர் அன்று குப்பையை எண்ணிக் குறிக்கும் வேலையைப் பார்க்கட்டும்.

அதிகம் தவறு நடப்பது போத்தல்களில்தான். உள்ளே தேங்கிய நீரில் கொசுப்புழு நெளியும். அதை வடிகாலில் ஊற்றினால் புழு பிழைத்துக்கொள்ளும்; காய்ந்த புல்தரையில் கொட்டினால் செத்துவிடும். ஸ்டைரோஃபோம் பெட்டியை இடுக்கியால் அழுத்தினால் உதிர்ந்து நூறு துகளாகும். கையுறையோடு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள், உதிர்ந்ததைச் சமையலறை வடிகட்டியால் அள்ளுங்கள். வேரில் சிக்கிய தூண்டில் நரம்பை இழுக்கக் கூடாது. முள் எங்கிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டுங்கள். கரையோரச் செடிகளைக் களை என்று பிடுங்காதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அவற்றின் வேர்தான்.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய் இயற்கை ஆறாக மாற்றப்பட்டு, 2012இல் திறக்கப்பட்டது. அழகான இடம், ஆனால் மேல்பகுதியில் மழை பெய்தால் நீர் சட்டென்று உயரும். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ சைரன் ஒலித்தாலோ பையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். இடி கேட்டாலும் வேலையை நிறுத்துங்கள். கால்வாய்க்குள் எப்போதும் இறங்க வேண்டாம்.

சேர்ந்த குப்பையை எடை மட்டும் போட்டு முடிக்காதீர்கள். இடம், வகை இரண்டையும் எழுதுங்கள். ஒரே பேருந்து நிறுத்தத்தின் அருகே மூன்று முறையும் உணவுப் பொட்டலமே குவிந்திருந்தால், அந்தப் பட்டியலோடு நகர மன்றத்திடம் மூடியுள்ள தொட்டி கேட்கலாம். நீர் பால்போல வெளுத்தோ எண்ணெய் படர்ந்தோ தெரிந்தால் தொடாமல், நேரத்தோடும் இடத்தோடும் படம் எடுத்து உடனே நீர்வளத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு (PUB) தெரிவியுங்கள். அடுத்த மழை தடயத்தை அடித்துக்கொண்டு போய்விடும்.