குழந்தையின் முதல் கவிதையும் முதல் கதையும்: எப்படித் தொடங்குவது?

குழந்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பேசத் தெரிந்தால் போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் எழுதப்போவது நீங்கள்தான்.

1. காது கொடுங்கள்

குழந்தை சொல்வதைச் சொன்னபடியே, தேதி போட்டுக் குறித்துவையுங்கள். என் மகள் ஐந்து வயதில் ஜன்னலோரம் நின்று, "மழை நின்னுடுச்சு, மரம் மட்டும் இன்னும் பெய்யுது" என்றாள். நாமாக இருந்தால் ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்று பழகிய தடத்திலேயே போயிருப்போம். அவளுக்கு அந்தப் பழமொழி தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னாள். நானோ ‘பெய்யுது’ என்பதை ‘சொட்டுகிறது’ என்று மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் வாசித்துக் காட்டியதும், "இது நான் சொன்னது இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கோபம் நியாயமானது. மரம் பெய்ததில்தான் கவிதையே இருந்தது.

2. கவிதைக்கு ஒரு தொடக்கம்

எதுகை, மோனை இப்போதைக்கு வேண்டாம். ஓசைக்காகச் சொல் தேடப் போனால், சொல்ல வந்தது கைநழுவிவிடும். அதற்குப் பதில், எல்லா வரிக்கும் ஒரே தொடக்கம் கொடுங்கள். "எனக்கு மட்டும் தெரியும்..." என்று ஐந்து வரி சொல்லச் சொல்லலாம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1960களின் இறுதியில் நியூயார்க் பள்ளிக் குழந்தைகளை இப்படித்தான் ‘நான் ஆசைப்படுகிறேன்’ என்று ஒவ்வொரு வரியையும் தொடங்க வைத்தார். முதல் இரண்டு வரி சாதாரணமாக வந்தால் பொறுத்திருங்கள். அப்புறம், மூச்சு நிற்கும் இடம் பார்த்து வரியை உடையுங்கள்.

3. கதைக்கு மூன்று கேள்வி

குழந்தை சொல்லும் கதை "அப்புறம்... அப்புறம்..." என்று தானாக ஓடும். குறுக்கே போகாதீர்கள். எங்காவது நின்றுபோனால் மட்டும் கேளுங்கள்: யாரு? அதுக்கு என்ன வேணும்? எது விடமாட்டேங்குது? ‘எறும்பு மாடிக்குப் போகணும், ஆனா படியில யாரோ தண்ணி கொட்டிட்டாங்க.’ இவ்வளவு கிடைத்தால் கதை நடக்கத் தொடங்கிவிடும். "இதில் என்ன நீதி?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

4. பிழை திருத்தம்

சிவப்பு மையைத் தொடவே வேண்டாம். ல, ள, ழ எல்லாம் வேறொரு நாள், வேறொரு தாளில். டெய்சி ஆஷ்ஃபோர்ட் என்ற ஆங்கிலச் சிறுமி ஒன்பது வயதில் எழுதிய நாவல் 1919இல் அச்சேறியபோது, அவளுடைய எழுத்துப் பிழைகளை அப்படியே விட்டுத்தான் வெளியிட்டார்கள். எழுதியதைக் குழந்தையையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தட்டுகிற இடத்தை அதுவே மாற்றிக்கொள்ளும்.

5. புத்தகம்

இரண்டு ஏ4 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடித்தால் 8 பக்கம். மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தையுங்கள். ஊசி உங்கள் கையில் இருக்கட்டும். அட்டைப் படம், தலைப்பு, எழுதியவர் பெயர் மூன்றும் குழந்தையின் கைப்படவே இருக்கட்டும்.