கஷ்டகாலத்துக்கு ஒரு மண்டலம்: புலம்பல், ஊன்றுகோல், நடை

திருவொற்றியூர் கோயில் மகிழ மரத்தடியில்தான் சிவனடியார் சுந்தரர், தான் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. முதலில் சிவனிடமே முறையிட்டார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது கண் அல்ல, ஊன்றுகோல். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கண் காஞ்சியில் வந்தது, மற்றது திருவாரூரில். வேலை போனவருக்கும், வீட்டில் சாவு விழுந்தவருக்கும் இதே வரிசை பொருந்தும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், செய்து பாருங்கள்.

முதலில் புலம்பல். நோட்டு ஒன்று போதும். தினமும் ஒரே நேரத்தில் 10 நிமிடம், அலாரம் வைத்து எழுதுங்கள். நாகரிகம் வேண்டாம். "இன்னா சாமி, இது உனக்கே நல்லாக்கீதா?" என்றே தொடங்கலாம். எழுத வராதவர்கள் மொட்டை மாடியில் வாய்விட்டுச் சொல்லட்டும். முதல் வாரத்திலேயே "எல்லாம் நன்மைக்கே" என்று எழுத வந்தால் பேனாவை மூடிவிடுங்கள். அமுக்கிய அழுகை சாயங்காலம் பிள்ளைகள் மேல் கோபமாக விழும். 10 நிமிடத்தைத் தாண்டினாலும் ஆபத்துதான், மனசு அதே மாவை அரைத்துக்கொண்டே இருக்கும். முடித்ததும் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், 10 முறை. தலை சுற்றினால் உடனே இயல்பு மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது ஊன்றுகோல், அதாவது கைக்கு எட்டும் உதவி. பக்தி உள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வட்டிக்குப் பணம் வாங்கிப் பரிகாரம் செய்யாதீர்கள். பழைய கஷ்டத்தின் மேல் புதுக் கஷ்டம் ஏறும். புருஷன் அடிப்பதைக் கர்மவினை என்று பொறுப்பது ஆன்மிகம் ஆகாது, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, அல்லது உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

எட்டாம் நாளிலிருந்து நடை. காசிமேட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலையும் படகும் பழுது பார்க்கப்படும். அதுபோல, நோட்டின் அடியில் இன்று கைக்கு எட்டும் ஒரே ஒரு வேலையை எழுதி, படுப்பதற்குள் முடியுங்கள். வாரத்தில் 2 மணி நேரம் அடுத்தவருக்கு: ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வழி தெரியாமல் நிற்கும் பெரியவரைச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போனாலே போதும். போட்டோ எடுக்காதீர்கள்.

48 நாளில் இடையே விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கடைசி நாள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, அடுத்தவர் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். கடைசிப் பக்கத்தில் அது அதிகமாகவில்லை என்றால் அடுத்த மண்டலத்தில் அந்த 2 மணி நேரத்தை 4 ஆக்குங்கள்.