மெத்தனால், எத்திலீன் கிளைகால் நச்சுக்கு ஃபோமெபிசோல் கொடுக்கும் முறை

மெத்தனாலோ எத்திலீன் கிளைகாலோ குடித்தவரிடம் முதல் சில மணி நேரத்துக்குப் போதையைத் தவிர வேறு எதுவும் தென்படாமல் இருக்கலாம். பெருங்கேட்டை விளைவிப்பவை இந்த ஆல்கஹால்கள் அல்ல. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி இவற்றைச் சிதைக்கத் தொடங்கிய பின் உருவாகும் அமிலங்களே. மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. எத்திலீன் கிளைகால் முதலில் கிளைகாலிக் அமிலமாகி ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது, பின்னர் ஆக்சாலிக் அமிலமாகிக் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிகிறது. ஃபோமெபிசோல் என்ற முறிமருந்து அந்த நொதியை முந்திச் சென்று பற்றிக்கொள்வதால் அமிலம் உருவாவது தடைபடுகிறது. ஏற்கெனவே உருவாகிவிட்ட அமிலத்தை அது அகற்றாது என்பதால், எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவரும் செவிலியரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, ரத்தத்தில் மெத்தனால் அளவைக் காட்டும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான். நஞ்சைக் குடித்ததாக நம்பத்தக்க தகவலும் ஆஸ்மோலார் இடைவெளி (ரத்தத்தில் கரைந்துள்ள பொருட்களின் அளந்த செறிவுக்கும் கணக்கிட்ட செறிவுக்கும் உள்ள வேறுபாடு) 10க்கு மேலும் இருந்தால் மருந்தைத் தொடங்கலாம். தகவல் தெளிவாக இல்லாவிட்டாலும் வலுவான சந்தேகம் இருந்து, ரத்த பிஎச் 7.3க்குக் கீழ், பைகார்பனேட் 20க்குக் கீழ், ஆஸ்மோலார் இடைவெளி 10க்கு மேல், சிறுநீரில் ஆக்சலேட் படிகங்கள் ஆகிய நான்கில் இரண்டு காணப்பட்டாலும் தொடங்கிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நேரம் கடந்து வந்த நோயாளியிடம் ஆல்கஹால் பெரும்பாலும் அமிலமாக மாறிவிட்டிருக்கும், அதனால் ஆஸ்மோலார் இடைவெளி இயல்பான அளவிலேயே இருப்பதாகத் தெரியும். அந்த எண்ணை மட்டும் நம்பி நஞ்சு இல்லை என்று முடிவு செய்வது ஆபத்தானது.

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் சில நேரம் உள்ளே உறைந்து கிடக்கும். 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது கெட்டியாகும் இயல்புடையது. கெட்டுவிட்டதாக எண்ணித் தூக்கி எறிய வேண்டாம். வெதுவெதுப்பான நீர் ஓடும் குழாயடியில் பிடித்தாலோ உள்ளங்கையில் வைத்திருந்தாலோ இளகித் தெளிந்த திரவமாகிவிடும், வீரியம் குறையாது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு கிராம் இருக்கும் குப்பிதான் வழக்கமாகக் கிடைப்பது. எடுக்க வேண்டிய அளவு மிகச் சிறிதாக இருப்பதால் நேரடியாக நரம்பில் செலுத்திவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது, நீர்க்காத மருந்து ரத்தநாளத்தைப் புண்ணாக்கிவிடும். குறைந்தது 100 மில்லிலிட்டர் சலைன் அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, 30 நிமிடங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

முதல் டோஸ் உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதன் பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் நான்கு டோஸ். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் 900 மில்லிகிராம், அதாவது சிரிஞ்சில் 0.9 மில்லிலிட்டர், பின்னர் ஒவ்வொரு முறையும் 600 மில்லிகிராம். நான்கு டோஸ் முடிந்தும் சிகிச்சை தேவைப்பட்டால் மீண்டும் கிலோவுக்கு 15 மில்லிகிராமாக உயர்த்த வேண்டும். நாள் செல்லச் செல்ல உடல் இந்த மருந்தையே விரைவாகச் சிதைக்கக் கற்றுக்கொள்வதுதான் இதற்குக் காரணம். இந்த உயர்வை மறந்துவிடுவது எளிது. ஆகவே முதல் டோஸ் எழுதும்போதே மூன்றாம் நாள் அளவையும் மருந்துச் சீட்டில் குறித்துவிடுவது நல்லது.

டயாலிசிஸ் நஞ்சை வெளியேற்றும்போது ஃபோமெபிசோலையும் சேர்த்தே வெளியேற்றிவிடும். அதனால் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். தொடங்கும் நேரத்தில் கடைசி டோஸ் கொடுத்து 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அடுத்த டோஸை அப்போதே கொடுத்துவிடலாம். டயாலிசிஸ் முடியும்போது கடைசி டோஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் எதுவும் வேண்டாம். 1 முதல் 3 மணி நேரம் என்றால் அடுத்த டோஸில் பாதி. அதற்கு மேல் என்றால் முழு டோஸ். பார்வை மங்கியவர், வலிப்பு வந்தவர், நினைவிழந்தவர், கடுமையான அமிலத்தன்மை உள்ளவர் ஆகியோருக்கு முறிமருந்து மட்டும் போதாது. டயாலிசிஸுக்காகச் சிறுநீரக மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மெத்தனாலில் டயாலிசிஸ் இன்னும் முக்கியம். நொதி தடுக்கப்பட்டபின் மெத்தனால் ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும்.

மெத்தனால் நச்சில் ஃபோலினிக் அமிலமும், எத்திலீன் கிளைகால் நச்சில் தயமினும் பைரிடாக்சினும் துணையாகக் கொடுக்கப்படுகின்றன. ஃபோமெபிசோல் கிடைக்காத இடத்தில் எத்தனால் ஏற்றுவது பழைய வழி. அதுவும் உயிர் காக்கும்; ஆனால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதித்துச் சரிசெய்ய வேண்டும், மயக்கமும் தாழ் சர்க்கரையும் கூடவே வரும். ஃபோமெபிசோலிலோ தலைவலி, குமட்டல், தலைசுற்றல் போன்றவையே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஐசோபுரொபைல் ஆல்கஹால் குடித்தவருக்கு இம்மருந்து வேண்டாம். அது அசிட்டோனாக மாறுகிறதே தவிர நச்சு அமிலமாவதில்லை, நொதியைத் தடுத்தால் மயக்கம்தான் நீளும்.

ரத்தத்தில் நஞ்சின் அளவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, பிஎச் இயல்பாகி, நோயாளிக்கு அறிகுறி எதுவும் இல்லாதபோதே மருந்தை நிறுத்த வேண்டும்.