டேக்கிளை எடைபோட: பந்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறியும் குவாட்டர்பேக்கை இடப்பக்க ஓரத்தில் நின்று காப்பவர் லெஃப்ட் டேக்கிள். கல்லூரியில் ஆடும் லெஃப்ட் டேக்கிளை என்எஃப்எல் டிராஃப்டுக்கு (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடைபோடும்போது, ஒவ்வொரு பாஸ் பிளேயையும் (பந்தை எறிய முயலும் ஆட்டம்) வீடியோவில் இரண்டு முறை ஓட்டுங்கள்: முதலில் கால், பிறகு கை. பின்வாங்கும்போது பாதங்கள் ஒட்டிக்கொண்டாலோ, முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துத் தலையை முன்னே நீட்டினாலோ, எதிராளி கையைத் தட்டிவிட்டு உள்பக்கம் புகுந்துவிடுவார். கை எதிராளியின் மார்பில் விழவேண்டும்; தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் ஹோல்டிங் என்ற தவறு, 10 யார்டு போச்சு!

மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), நீண்ட தூரம் பாக்கி: அசல் பரீட்சை அங்கேதான். பந்தை உடனே எறிந்துவிடும் அணியில் ஆடியவர் சாக்கே (பந்தை எறியும் முன் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கொடுக்கவில்லை என்றால் அதில் மயங்காதீர்கள்.

கை நீளம் 33 அங்குலத்துக்குக் குறைந்தால் ‘இவர் கார்டுதான்’ (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) என்று முத்திரை குத்துவார்கள். அவசரம் வேண்டாம். அந்தச் சர்ச்சையில் அடிபட்ட வில் காம்பெல்லை 2025 டிராஃப்டில் பேட்ரியாட்ஸ் அணி 4-ஆவதாக எடுத்து, லெஃப்ட் டேக்கிளாகவே இறக்கியது.