தாத்தாவின் லயத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லயங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் தனிவீடு கிடைத்த குடும்பம் லயத்தை விட்டுப் போவதுதான் நியாயம். சரித்திரம் என்று சொல்லி யாரையும் ஒற்றைக் காம்பராவில் (அறையில்) இருத்தி வைக்க முடியாது. இடிவதற்குள் பதிந்து வைப்பது நம் வேலை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்கிறது. லயமோ 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களோடு வந்தது, ஆகவே அந்தக் கணக்கில் சேராது.

போகுமுன் தோட்டத்தின் பெயரோடு, அதன் உட்பிரிவான டிவிசனையும் தெரிந்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களின் கடவுச்சீட்டு, குடும்ப அட்டையிலும் தேடலாம். வீட்டில் சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் அழைக்கும் பெயர் வேறொன்று. தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய பெர்குசன் டிரெக்டரியில் இரண்டையும் பார்க்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு அபாயம் உண்டு. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. வேலைநாளில் காலையில் போனால் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு அல்லது பின்நேரம் போங்கள். முதலில் தோட்ட ஆபீசில் அனுமதி, பிறகு தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரையோ கோவில் கமிட்டியையோ பாருங்கள்.

லயத்தை அளந்து வரைபடம் போட 30 அடி அளவுநாடா, கொப்பி, பென்சில் போதும். காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அதைப் பிறகு சுவர் வைத்து அடுப்படியாக்கியிருப்பார்கள், ஆகவே பழைய சுவரையும் புதுச் சுவரையும் வேறு வேறாகக் குறியுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவரில் ஜன்னல் இராது. கூரையை அண்ணாந்து பாருங்கள்: காம்பராக்களுக்கிடையே சுவர் முகடுவரை போகாத இடங்களில், ஓரடுப்புத் தீ முழு வரிசையையும் எரித்துவிடும். தகரம் காற்றில் பறக்காதிருக்க மேலே கல் ஏற்றியிருப்பதையும் படமெடுங்கள். மண்சாந்தில் கட்டிய கருங்கற் சுவருக்குச் சீமெந்து பூசச் சொல்லிக் காசு கொடுக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

காம்பரா வாரியாக யார் யார் இருந்தார்கள் என்று ஆச்சிகளிடம் கேட்டு எழுதுங்கள். பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்), பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கோவில் எந்தப் பக்கம் என்றும் குறியுங்கள். உள்ளே படமெடுக்க வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அது அவர்கள் குடியிருக்கும் வீடு.

கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் பழைய லயம் ஒன்றே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். நீங்கள் போட்ட வரைபடத்தின் ஒரு பிரதியை அங்கேயும், ஒன்றைத் தோட்டப் பாடசாலையிலும் கொடுங்கள்.