ஆங்கிலப் பேச்சில் தெரிந்த சொல்தான் காலை வாரும்

பள்ளிக்கூடத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று உருப்போட வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டுக்காரர்களோடு தினமும் போனில் பேசுகிற வேலையில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன், இதுவரை ஒருவர் வாயிலிருந்தும் அது வந்து நான் கேட்டதில்லை. தெரியாத சொல் வந்தால் பிரச்சினையே இல்லை, கூகுளில் தேடிவிடுவோம். 'லெட்', 'கோ', 'டெல்', 'குட்' மாதிரி ஒன்றாம் வகுப்புச் சொற்கள் கூட்டாக வரும்போதுதான் புரிந்துவிட்டதென்று நினைத்து மாட்டிக்கொள்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டன்காரர் ஒருவரிடம் வேலைப்பளு தாங்கவில்லை என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு 'டெல் மீ அபௌட் இட்' என்றார். அட, இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். அவர் சொன்னது நம்ம ஊர் 'அதை ஏன் கேக்குறீங்க!', என் பாடும் அதேதான் என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'வெல், ஐ வில் லெட் யூ கோ' என்றார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை சார் என்று இன்னும் பத்து நிமிடம் பேசினேன்! உங்களை விடுகிறேன் என்றால் நான் போனை வைக்கப்போகிறேன் என்று பொருள். நாம் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் யாராவது வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பார்களா?

பிரிட்டனில் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்பதும் இந்த ரகம்தான், 'என்ன, சாப்பிட்டாச்சா?' போல ஒரு வணக்கம். நேற்றைய காய்ச்சலில் இருந்து தொடங்க வேண்டாம், அதையே திருப்பிச் சொன்னால் போதும். காபி வேண்டுமா என்றதற்கு 'ஐம் குட்' என்று பதில் வந்தால் வேண்டாம் என்று அர்த்தம், ஊற்றிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது ஆமாம், இல்லை இரண்டும்தான். 'மெயில் வரலையா?' என்று கேட்டால் 'ஆமா, வரலை' என்போம். கேட்டவர் நினைத்தது சரிதான் என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வியோடு ஒத்துப்போவது கணக்கில்லை, மெயில் வந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. 'டிடின்ட் யூ கெட் த மெயில்?' என்றதற்கு 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், வராத மெயிலுக்கு நீங்கள் பதில் போடவில்லையே என்று அப்புறம் கோபம் வரும். அதனால் ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் 'நோ, ஐ டிடின்ட்' என்று முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது. ஜன்னலைத் திறக்க 'டூ யூ மைண்ட்?' என்று கேட்பவரிடமும் அப்படித்தான், வெறும் 'யெஸ்' என்றால் எனக்கு ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். 'கோ அஹெட்' என்று சொல்லுங்கள், வம்பே இல்லை.

இதில் ஊருக்கு ஊர் வேறு மாறும். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் டென்' என்றால் பத்தரை. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்று அவர் சொன்னால் இப்போதே பேசுவோம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் தள்ளிப்போடுவோம் என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த ஒரு சொல்லால் இரண்டு நாட்டு ராணுவ அதிகாரிகளும் நெடுநேரம் காரசாரமாக மோதிக்கொண்டு, கடைசியில்தான் இரு தரப்புக்கும் ஒரே கருத்து என்று கண்டுபிடித்ததைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே அந்த கதி, நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது, சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.

அப்புறம், நம் பக்கத்துத் தவறு ஒன்று. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்று வெளிநாட்டு இன்டர்வியூவில் சொல்லிவிடாதீர்கள். அந்த வருடம் மயங்கி விழுந்தேன் என்றுதான் அவர்கள் காதில் விழும். 'கிராஜுவேட்டட்' போதும்.